பல பாதைகளுக்கு ஒரு வண்டி

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் மணாலி என்னும் மலை நகரம் உள்ளது. அங்கிருந்து லடாக்கிலுள்ள லே வரை ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. 400 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள இச்சாலை, உலகின் மிக உயரமான நெடுஞ்சாலைகளுள் ஒன்று. குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால், ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே இது முழுமையாகத் திறந்திருக்கும்.

இந்தச் சாலையில் தாண்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் கலக்கும் இடம் அது. அங்குள்ள பெட்ரோல் நிலையத்தின் அறிவிப்புப் பலகை பயணிகளிடையே புகழ்பெற்றது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று அப்பலகை எச்சரித்தது. இது கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் தூரத்திற்கு ஏறத்தாழச் சமம். ஆனால், இடைப்பட்ட வழியில் அகன்ற விரைவுச்சாலையோ வரிசையான ஓய்விடங்களோ இல்லை. சிறிது தூரம் நல்ல தார்ச்சாலை வரும். பிறகு கற்கள் பெயர்ந்து கிடக்கும். அதற்கப்பால் மணல் வரும். உருகிய பனிநீர் சாலையின் குறுக்கே ஓடையாகப் பாயும் இடங்களும் உண்டு.

இத்தகைய வழியில் செல்ல எந்த மோட்டார் சைக்கிள் ஏற்றது? பந்தய வண்டி வேகமானது. ஆயினும், அதன் அடிப்பகுதி தரையை ஒட்டி இருப்பதால் முதல் பாறையிலேயே இடித்துக்கொள்ளும். காட்டுப்பாதையில் ஓட்டப்படும் வண்டி எடை குறைந்தது. எளிதில் துள்ளிச் செல்லும். ஆனால், அதன் எரிபொருள் கலன் சிறியது, இருக்கையும் ஒடுக்கமானது. நெடுந்தூரச் சொகுசு வண்டியில் நாள் முழுவதும் களைப்பின்றி அமரலாம். எனினும், மணலில் புதைந்துவிட்டால் அதை இழுத்தெடுக்கப் பலர் வேண்டும். இந்த மூன்று வகை வண்டிகளின் பண்புகளையும் ஓரளவு தன்னுள் கொண்டதே சாகசப் பயண மோட்டார் சைக்கிள்.

ஒரு வகை பிறந்த கதை

1978ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள், பிரான்சின் தலைநகரான பாரிஸிலிருந்து ஒரு நெடும் பந்தயம் புறப்பட்டது. சகாரா பாலைவனத்தைக் கடந்து, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள டக்கார் நகரை அடைவதே அதன் இலக்கு. மணலையும் பாறையையும் கடந்து வாரக்கணக்கில் ஓட வேண்டிய அப்பந்தயத்தில், வேகத்தைவிட உறுதியே முதன்மையாகத் தேவைப்பட்டது. ஒரே வண்டி பல்வேறு நிலங்களைக் கடக்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு அது வலுவூட்டியது.

1980ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்னும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. ஜெர்மன் மொழியில் ‘கெலெண்டே’ என்றால் கரடுமுரடான நிலம். ‘ஷ்ட்ராஸெ’ என்றால் சாலை. இவ்விரு சொற்களின் முதலெழுத்துகளே ‘ஜி’, ‘எஸ்’ என வண்டியின் பெயரில் இடம்பெற்றன. ஏறத்தாழ 800 சிசி கொள்ளளவுள்ள அதன் இயந்திரம் 50 குதிரைத்திறனை அளித்தது. அவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கொண்ட வண்டி கரடுமுரடான பாதையில் செல்லுமா என்று பலர் ஐயப்பட்டனர். 1981ஆம் ஆண்டு டக்கார் பந்தயத்தில் ஊபேர் ஓரியோல் என்னும் பிரெஞ்சு வீரர் அந்த வகை வண்டியில் வெற்றி பெற்றார். ஐயம் நீங்கியது. பின்னர் உலகின் பல நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கின.

மலையின் பெயர் தாங்கிய வண்டி

இவ்வகை வண்டிகளுள் ஒன்று தமிழ்நாட்டில் உருவாகிறது. 1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து இந்தியாவில் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தின. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டில் இவ்வண்டிகளின் உற்பத்தி நின்றுபோனது. சென்னையிலோ அது தொடர்ந்தது. இன்று ராயல் என்ஃபீல்டு வண்டிகள் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன.

இந்நிறுவனம் 2016ஆம் ஆண்டில் ‘ஹிமாலயன்’ என்னும் சாகசப் பயண வண்டியை அறிமுகப்படுத்தியது. அதன் இயந்திரக் கொள்ளளவு 411 சிசி. ஆற்றல் ஏறத்தாழ 24.5 குதிரைத்திறன். 2023ஆம் ஆண்டில் அது முற்றிலும் புதிய வடிவம் பெற்றது. புதிய ஹிமாலயனின் இயந்திரக் கொள்ளளவு 452 சிசி. அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். மலைவாழ் மக்களான செர்ப்பாக்களின் பெயரே அந்த இயந்திரத்திற்குச் சூட்டப்பட்டுள்ளது. மலையேறுவோருக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் துணை நிற்பவர்கள் அவர்கள். இந்த வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், ‘பன்முகத் திறன்’ என்பதன் பொருள் விளங்கும்.

சக்கரமும் அதிர்வுதாங்கியும்

ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலமும் பின்சக்கரம் 17 அங்குலமும் கொண்டவை. முன்சக்கரம் மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது? சிறிய சக்கரம் ஒரு கல்லின்மீது மோதும்போது, செங்குத்தான படியில் ஏறுவதுபோல் திணறும். பெரிய சக்கரமோ அதே கல்லின்மேல் சரிவான பாதையில் ஏறுவதுபோல் உருண்டு சென்றுவிடும். அதனால் வண்டியின் கைப்பிடி ஓட்டுநரின் பிடியிலிருந்து விலகுவதில்லை.

இந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டு. பெரிய முன்சக்கரம் கொண்ட வண்டி, தார்ச்சாலையின் வளைவுகளில் விரைவாகச் சாய்ந்து திரும்பாது. பந்தய வண்டிகளில் 17 அங்குலச் சக்கரங்கள் பொருத்தப்படுவதற்கு அதுவே காரணம்.

வண்டியின் அதிர்வுதாங்கிகள் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் வரை அசையக்கூடியவை. சாலையில் பள்ளம் வந்தால் சக்கரம் மட்டும் கீழே இறங்கி மேலே வரும். ஓட்டுநரின் உடல் பெரிதும் குலுங்காது. வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 230 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளது. இது பள்ளி அளவுகோலின் நீளத்தில் முக்கால் பங்கு. நடுத்தர அளவுள்ள பாறைத் துண்டு வண்டியின் அடியில் உரசாமல் நழுவிச் செல்ல இந்த இடைவெளி போதும். ஆயினும், வண்டி உயர்ந்தால் இருக்கையும் உயரும். ஹிமாலயனின் இருக்கை 825 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் குறைந்த ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டு பாதங்களையும் தரையில் முழுமையாகப் பதிப்பது கடினமாகலாம். சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தும்போது இது ஆபத்தாகவும் முடியலாம்.

மெல்லிய காற்றில் இயந்திரம்

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலையேறினால் கார்துங் லா என்னும் கணவாயை அடையலாம். அப்பகுதி மக்களின் மொழியில் ‘லா’ என்றால் கணவாய். கார்துங் லாவின் உயரம் 5,359 மீட்டர். மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர்தான். கினபாலுவின் உச்சியைவிட 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும் என்பதே இங்குள்ள சவால்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இயந்திரம் ஒவ்வொரு முறை உள்ளிழுக்கும் காற்றிலும் ஆக்ஸிஜன் பாதியளவே இருக்கும். பெட்ரோல் எரிய ஆக்ஸிஜன் தேவை. ஆகவே, கடற்கரையில் 40 குதிரைத்திறன் தரும் இயந்திரம், கணவாயின் உச்சியில் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். இதில் இயந்திரத்தின் குறை ஏதுமில்லை. இது இயற்கையின் விதி.

முன்னாளில் இச்சிக்கல் இன்னும் பெரிதாக இருந்தது. பழைய வண்டிகளில் கார்புரேட்டர் என்னும் கருவி காற்றையும் பெட்ரோலையும் கலந்தது. உயரத்தில் காற்று மெலிந்துவிட்டதை அது அறியாது. கீழே கலந்த அளவையொட்டியே பெட்ரோலைக் கலந்துகொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்ததால் இயந்திரம் கரும்புகை கக்கும், இருமும், சில நேரங்களில் நின்றும்விடும். 2016ஆம் ஆண்டின் முதல் ஹிமாலயனிலும் கார்புரேட்டரே இருந்தது. அடுத்த ஆண்டில் அதன் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் முறை பிடித்தது. இம்முறையில் உணர்கருவிகள் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ஒரு சிறு கணினிக்குத் தெரிவிக்கின்றன. அக்கணினி அந்நேரத்திற்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் செலுத்துகிறது. ஆற்றல் குறைந்தாலும் இயந்திரம் சீராக ஓடுவது இதனால்தான்.

வேகமா, இழுவிசையா?

புதிய ஹிமாலயனின் இயந்திரம், நிமிடத்திற்கு 8,000 முறை சுழலும்போது தன் முழு ஆற்றலைத் தருகிறது. ஆனால், அதன் முறுக்குவிசை உச்சமான 40 நியூட்டன் மீட்டரை 5,500 சுழற்சியிலேயே எட்டிவிடுகிறது. முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருகித் தள்ளும் விசை. இறுகிய திருகாணியை ஸ்பேனரால் கழற்றும்போது கை கொடுக்கும் விசையை இதற்கு ஒப்பிடலாம்.

பந்தய வண்டிகளின் இயந்திரம் மிக விரைவாகச் சுழலும்போதுதான் முழுத் திறனைக் காட்டும். செங்குத்தான மண்பாதையில் அவ்வாறு விரைவாகச் சுழற்றினால், பின்சக்கரம் பிடிப்பை இழந்து மண்ணை வாரி இறைக்கும், வண்டி நகராது. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசை கிடைத்தால், மெதுவாக நடக்கும் யானையைப்போல் வண்டி நிதானமாக மேலேறும். மலைப்பாதைக்கு வேண்டியது அந்த நிதானமே. இதற்கு ஈடாக, நீண்ட விரைவுச்சாலையில் பெரிய வண்டிகளுக்கு இணையான வேகத்தை ஹிமாலயனால் எட்ட முடியாது.

நிறுத்துவதிலும் நுட்பம்

வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்துவதே சில நேரங்களில் கடினம். நனைந்த தார்ச்சாலையில் பிரேக்கை வேகமாக அழுத்தினால் சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்கும். அதைத் தடுக்க ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு உள்ளது. சக்கரம் பூட்டிக்கொள்ளப்போவதை அது நொடியில் உணர்ந்து, பிரேக்கின் பிடியை விட்டு விட்டுக் கொடுக்கும். சாலையில் உயிரைக் காக்கும் அமைப்பு இது.

சரளைக்கற்கள் நிறைந்த இறக்கத்தில் நிலைமை வேறு. அங்குச் சக்கரம் சிறிது பூட்டிக்கொண்டால்தான் கற்களைத் தனக்கு முன்னால் குவித்து, அக்குவியலையே தடையாக்கி நிற்கும். ஏ.பி.எஸ். இடைவிடாமல் பிடியைத் தளர்த்தினால், வண்டி நிற்காமல் கீழே உருண்டுகொண்டே போகும். எனவே, ஹிமாலயனில் பின்சக்கரத்தின் ஏ.பி.எஸ். அமைப்பை மட்டும் தேவைப்படும்போது நிறுத்திவைக்கலாம். முன்சக்கரத்தில் அது எப்போதும் இயங்கும். முன்சக்கரம் சறுக்கினால் ஓட்டுநர் விழுவது ஏறத்தாழ உறுதி என்பதே அதற்குக் காரணம்.

எடையும் சுமையும்

ஹிமாலயனின் எடை 196 கிலோகிராம். அதன் எரிபொருள் கலன் 17 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டருக்கு 25 கிலோமீட்டர் வீதம் ஓடினால், ஒருமுறை நிரப்பிய பெட்ரோலில் 425 கிலோமீட்டர் செல்லலாம். தாண்டியின் பலகை கூறிய 365 கிலோமீட்டர் அதற்குள் அடங்கிவிடும். ஆனால், ஏற்றத்திலும் மணலிலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஆகவே, அனுபவமுள்ள பயணிகள் சில லிட்டர் பெட்ரோலைத் தனிக்கலனிலும் எடுத்துச் செல்கின்றனர்.

பெரிய வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது என்று தோன்றலாம். பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். வண்டியின் ஆற்றல் 136 குதிரைத்திறன். அது ஹிமாலயனின் ஆற்றலைப்போல் மூன்று மடங்கைவிடக் கூடுதல். இருவர் சுமையுடன் விரைவுச்சாலையில் நாள் முழுவதும் செல்ல அது மிகப் பொருத்தமானது. அதன் எடையோ 249 கிலோகிராம். இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 53 கிலோகிராம். அதாவது, ஓர் அரிசி மூட்டையின் எடை. சாலையில் ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. ஆள் நடமாட்டமற்ற மலையில், குளிர்ந்த ஓடையின் நடுவே வண்டி சாய்ந்துவிட்டால், அந்த ஒரு மூட்டை எடையே ஓட்டுநர் தனியே மீள்வாரா, உதவிக்குக் காத்திருப்பாரா என்பதை முடிவு செய்யக்கூடும்.

பொருள்களை ஏற்றுவதிலும் கவனம் தேவை. கனமான பொருள்களைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் கட்ட வேண்டும். இருக்கையின் பின்னால் உயரமாகக் கட்டினால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும். வளைவில் வண்டி தள்ளாடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பயணச் சுமைக்கும் பொருந்தும்.

ஓட்டுநரே முதன்மை

வண்டி எவ்வளவு சிறந்ததாயினும், அதைச் செலுத்துபவர் மனிதர். இயந்திரத்திற்குக் கிடைக்காத ஆக்ஸிஜன் மனிதருக்கும் கிடைப்பதில்லை. உயரமான இடத்திற்கு விரைவாகச் சென்றால் தலைவலி, குமட்டல், மயக்கம், தூக்கமின்மை ஆகியவை ஏற்படலாம். இது மலைநோய் எனப்படும். இதைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலே ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, விமானத்தில் லே நகருக்கு வருபவர்கள் குறைந்தது இரண்டு நாள்கள் அங்கே ஓய்வெடுத்து, உடல் பழகிய பிறகே கணவாய்களுக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றினால் ஏறுவதை நிறுத்த வேண்டும். அது கடுமையானால் உடனே கீழே இறங்க வேண்டும். இயந்திரத்தில் காற்றை அளக்கும் உணர்கருவி இருக்கிறது. மனிதருக்குத் தம் உடல் தரும் எச்சரிக்கையே உணர்கருவி.

ஓடைகளைக் கடப்பதிலும் இதே விழிப்பு வேண்டும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், பிற்பகலில் முழங்காலை எட்டலாம். பகல் வெயிலில் மலைப்பனி உருகுவதே அதற்குக் காரணம். அதனால்தான் பட்டறிவுள்ள பயணிகள் விடியற்காலையிலேயே புறப்பட்டு, நீர் பெருகுவதற்கு முன் ஓடைகளைக் கடந்துவிடுகின்றனர். நீரின் அளவு தெரியாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் ஒரு கோலால் ஆழம் பார்க்கின்றனர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று முன்னோர் கூறியது அங்கே நேரடியாகவே பொருந்துகிறது. இயந்திரத்தின் காற்றுக்குழாய்க்குள் நீர் புகுந்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த வண்டியும் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

நிறைகுறைகளின் சமநிலை

வேகத்தில் பந்தய வண்டி முந்தும். பாறைகளைத் தாண்டுவதில் காட்டுப்பாதை வண்டி முந்தும். சொகுசில் நெடுந்தூர வண்டி முந்தும். சாகசப் பயண மோட்டார் சைக்கிள் இவற்றுள் எதிலும் முதலிடம் பெறுவதில்லை. ஆனால், அவை ஒவ்வொன்றும் நின்றுவிடும் இடத்தைத் தாண்டி இது செல்கிறது. பெரிய சக்கரத்திற்காக வளைவின் வேகத்தையும், உயர்ந்த அடிப்பகுதிக்காகத் தாழ்வான இருக்கையையும், இழுவிசைக்காக உச்ச வேகத்தையும் இது விட்டுக்கொடுத்திருக்கிறது. பொறியியலாளர்கள் எதைச் சேர்ப்பது என்று சிந்தித்த அளவுக்கு, எதை விட்டுக்கொடுப்பது என்றும் சிந்தித்திருக்கின்றனர். பன்முகத் திறன் என்பது எல்லாவற்றிலும் உச்சம் தொடுவதன்று. தேவையறிந்து ஒவ்வொன்றிலும் போதுமான அளவைப் பெற்றிருப்பதே ஆகும்.

ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எவ்வளவு வேகமாக ஓடும்?’ என்பதன்று. ‘நான் செல்லப்போகும் பாதை எத்தகையது? இந்த வண்டியை என்னால் கையாள முடியுமா?’ என்பவையே அக்கேள்விகள். பாதையையும் வண்டியையும் தம் ஆற்றலையும் சரியாக அறிந்தவர், பாதுகாப்பாகச் சென்று பாதுகாப்பாகத் திரும்பும் வாய்ப்பே மிகுதி.